கடலில் பறவைகளை எண்ணுதல்: ஒரு முறையின் வரலாறு

தமிழில் 'எண்ணுதல்' என்னும் வினைக்கு இரண்டு பொருள்கள் வழங்குகின்றன. கணக்கிடுதல் ஒன்று, கருதுதல் மற்றொன்று. ஒன்று, இரண்டு என்று விரல்விட்டுச் சொல்வதும் எண்ணுதலே. ஒரு செய்தியை மனத்தில் வைத்து ஆராய்வதும் எண்ணுதலே. இன்றைய பொழிவின் பொருளாக நான் எடுத்துக்கொண்டிருப்பது, இவ்விரு பொருளும் பிரிக்க முடியாதபடி பிணைந்து கிடக்கும் ஒரு துறை. கடலின் நடுவே நிறுவப்படும் காற்றாலைப் பண்ணைகளைச் சுற்றி வாழும் பறவைகளைக் கணக்கெடுக்கும் முறைகள் எவ்வாறு தோன்றின, எவ்வாறு திருந்தின என்பதே அது.

மொழியியல் படித்தவனுக்கு இதில் என்ன அக்கறை என்று அவையோர் கேட்கலாம். வழக்காறுகளைத் தேடி ஊர் ஊராகச் சென்று தரவு திரட்டும் துறையைச் சேர்ந்தவன் நான். எதை ஓர் அலகு என்று கொள்வது, எவ்வளவு தொலைவுக்கு ஒருமுறை கேட்பது, கேட்பவனின் வருகையால் பேசுவோரின் பேச்சு மாறிவிடாமல் எவ்வாறு காப்பது என்பன எங்கள் துறையின் அன்றாடக் கேள்விகள். கடற்பறவைகளை எண்ணியவர்களும் இதே கேள்விகளை எதிர்கொண்டனர். அவர்கள் கண்ட விடைகள் எல்லாத் துறை மாணவர்க்கும் பயன்படக்கூடியவை.

இதில் பொருட்படுத்த வேண்டிய பெரிய நலன்கள் இரண்டு உள்ளன. கரிப்புகையின்றி மின்சாரம் பெறக் கடற்காற்று ஒரு சிறந்த வழி. பருவநிலை மாற்றத்தால் பறவைகளுக்கும் கேடு உண்டாதலின், அம்மின்சாரம் பறவைகளுக்கும் நன்மையே. ஆயினும், தவறான இடத்தில் எழுப்பப்படும் பண்ணை ஓர் இனத்தின் குளிர்கால வாழிடத்தையே பறித்துவிடக்கூடும். எண்ணிக்கை குறைவாகக் காட்டப்பட்டால் பறவைகள் இழப்புறும். மிகையாகக் காட்டப்பட்டால் நல்லதொரு திட்டம் காரணமின்றி நின்றுபோகும்.

பயணக் கப்பலின் மேல்தளத்திலிருந்து

நிலத்தில் பறவைகளை எண்ணுபவருக்கு மரம், குளம், வயல்வரப்பு என்று நிலையான அடையாளங்கள் உண்டு. கடலில் அவை இல்லை. பறவையும் நகர்கிறது, பார்ப்பவரைச் சுமக்கும் கப்பலும் நகர்கிறது, இடையில் அலையும் எழுந்து மறைக்கிறது. சில பறவைகள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே நீருக்குள் மூழ்கிவிடுகின்றன. ஆகவே நெடுங்காலம் வரை கடற்பறவைகளை எண்ணுவதென்றால், அவை முட்டையிடக் கரைக்கு வரும்போது பாறை முகடுகளில் எண்ணுவது என்றே பொருளாக இருந்தது. ஆண்டின் எஞ்சிய மாதங்களில் அவை எங்கே வாழ்கின்றன என்பதைப் பற்றிய செய்தி மாலுமிகளின் குறிப்புகளிலேயே தங்கியிருந்தது.

1920களில் டென்மார்க் நாட்டு அறிஞர் பவுல் யெஸ்பர்சன், அட்லாண்டிக் பெருங்கடலில் ஆய்வுக் கப்பலில் சென்றபோது ஒரு நாளில் காணப்பட்ட பறவைகளின் எண்ணிக்கையைக் குறித்து வந்தார். அதனை அப்பகுதி நீரில் கிடைத்த மிதவை உயிரிகளின் அளவோடு ஒப்பிட்டு, உணவு மிகுந்த நீரில் பறவைகளும் மிகுந்திருப்பதை 1924இல் எடுத்துக்காட்டினார். பார்த்ததைக் குறித்து வைத்தல் என்ற நிலையிலிருந்து, பார்த்ததை வேறோர் அளவோடு பொருத்திக் காணுதல் என்ற நிலைக்கு இத்துறை நகர்ந்தது அப்போதுதான்.

அடுத்த பத்தாண்டில் வின்-எட்வர்ட்ஸ் என்ற விலங்கியலாளர், மொன்ட்ரியாலுக்கும் இங்கிலாந்துக்கும் இடையே ஓடிய பயணிகள் கப்பலில் 1933ஆம் ஆண்டு பலமுறை பெருங்கடலைக் கடந்து பறவைகளைப் பதிவு செய்தார். 1935இல் வெளியான அவரது ஆய்வு கடற்பறவைகளைக் கரையோரத்தன, கரையை விட்டு விலகியன, ஆழ்கடலன என்று மூவகைப்படுத்தியது. பெயரிடப்படாத வேறுபாட்டைக் கண் காண்பதில்லை என்பது மொழி பயின்றோர் அறிந்ததே. இந்த மூன்று பெயர்களும் பின்னால் வந்தோர்க்குக் கடலைப் பகுத்துப் பார்க்கும் கண்ணைத் தந்தன.

எனினும் இவர்களது அலகில் ஒரு குறை இருந்தது. 'ஒரு நாளைக்கு இத்தனை பறவைகள்' என்பது காலத்தைச் சொல்கிறது, பரப்பைச் சொல்வதில்லை. வேகமாகச் செல்லும் கப்பல் ஒரு நாளில் அதிகக் கடற்பரப்பைக் காணும். மெதுவாகச் செல்வது குறைவாகக் காணும். தெளிந்த வானில் வெகுதொலைவுப் பறவையும் தெரியும். மூடுபனியில் அருகிலிருப்பதும் தெரியாது. இரண்டு கப்பல்கள் தந்த எண்களை ஒன்றோடொன்று ஒப்பிட இயலவில்லை.

எண்ணெயும் 300 மீட்டர்ப் பட்டையும்

இக்குறையைத் தீர்க்கும் தேவையைக் கொண்டுவந்தது எண்ணெய். 1967இல் 'டோரி கேன்யன்' என்ற எண்ணெய்க் கப்பல் இங்கிலாந்தின் தென்மேற்கு முனையருகே பாறையில் மோதிச் சிதைந்தது. கரியெண்ணெய் படிந்த பறவைகள் கரையொதுங்கிய காட்சி மக்களை உலுக்கியது. தொடர்ந்து வடகடலில் எண்ணெய்க் கிணறுகள் தோண்டப்பட்டன. இன்னோர் இடத்தில் எண்ணெய் கசிந்தால் எத்தனை பறவைகள் அழியும் என்ற வினாவுக்கு விடை சொல்ல, கடலின் எப்பகுதியில் எம்மாதத்தில் எத்தனை பறவைகள் உள்ளன என்று தெரிந்திருக்க வேண்டும். கனடாவில் 1969இல் ஆழ்கடற்பறவை ஆய்வுத் திட்டம் ஒன்று தொடங்கிற்று. பிரிட்டனில் இயற்கைப் பாதுகாப்பு மன்றம் 1979இல் 'கடலில் கடற்பறவைகள்' என்ற ஆய்வுக் குழுவை அமைத்தது.

அக்குழுவைச் சேர்ந்த மார்க் டாஸ்கரும் அவருடைய உடனாசிரியர் மூவரும் 1984இல் வெளியிட்ட கட்டுரை இத்துறையின் இலக்கண நூல் எனத்தக்கது. அதுவரை வழக்கிலிருந்த பல்வேறு முறைகளைத் தொகுத்து ஆராய்ந்து, எல்லாரும் பின்பற்றத்தக்க பொதுமுறை ஒன்றை அவர்கள் முன்வைத்தனர். அதன் சாரம் எளியது. கப்பலின் ஒரு பக்கத்தில் 300 மீட்டர் அகலமுள்ள பட்டை ஒன்று கப்பலோடு கூடவே நீண்டு செல்வதாகக் கொள்ள வேண்டும். அப்பட்டைக்குள் நீரில் மிதக்கும் பறவைகளை மட்டும் கணக்கில் சேர்க்க வேண்டும். அதற்கு அப்பால் தெரிவனவற்றைத் தனியே குறிக்க வேண்டும். கப்பல் சென்ற தொலைவைப் பட்டையின் அகலத்தால் பெருக்கினால் பரப்பு கிடைக்கும். பறவைகளின் எண்ணிக்கையை அப்பரப்பால் வகுத்தால் ஒரு சதுர கிலோமீட்டருக்கு இத்தனை என்ற அடர்த்தி கிடைக்கும்.

பறக்கும் பறவைகளுக்கு இம்முறை பொருந்தாது என்பதையும் அவர்கள் கண்டிருந்தனர். ஒரு கணக்கால் இதை விளக்கலாம். கப்பல் மணிக்கு 10 கடல் மைல் வேகத்தில் சென்றால், ஒரு நிமிடத்தில் ஏறத்தாழ 300 மீட்டர் முன்னேறும். மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் பறக்கும் பறவையோ அதே ஒரு நிமிடத்தில் 1,000 மீட்டர் கடந்துவிடும். 300 மீட்டர்ச் சதுரத்தில் எந்தக் கணத்தில் பார்த்தாலும் சராசரியாக ஒரு பறவையே இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். நிமிடம் முழுவதும் அச்சதுரத்தைக் கடந்து செல்வனவற்றையெல்லாம் எண்ணினால் மூன்றோ நான்கோ ஆகிவிடும். ஓர் இடத்தில் இருக்கும் பறவைகளை எண்ணப்போய், அவ்விடத்தைக் கடந்து போகும் பறவைகளை எண்ணியதாக முடியும்.

இதற்குக் கண்ட தீர்வைக் 'கணப்பதிவு' என்று தமிழில் சொல்லலாம். நிமிடத்துக்கு ஒருமுறை, ஒரே ஒரு கணத்தில், முன்னாலுள்ள 300 மீட்டர்ச் சதுரத்துக்குள் பறந்துகொண்டிருப்பவை எத்தனை என்று மட்டும் குறித்தல். அடுத்த நிமிடம் கப்பல் அடுத்த சதுரத்துக்கு வந்திருக்கும். மீண்டும் ஒரு கணம். இடைப்பட்ட நேரத்தில் எத்தனை பறவைகள் குறுக்கே பறந்தாலும் அவை அடர்த்திக் கணக்கில் சேரா. கண்ணெதிரே பறக்கும் பறவையை எண்ணாமல் விடுவது பயிற்சியில்லாதவர்க்கு மிகக் கடினமான ஒழுக்கம்.

தொலைவும் கண்ணும்

300 மீட்டர் என்று எழுதிவிடலாம்; அலையின்மேல் அதை எப்படி அளப்பது? 1981இல் ஹைன்மன் என்ற ஆய்வாளர் ஓர் எளிய குச்சியைப் பயன்படுத்தும் வழியைக் காட்டினார். பார்ப்பவரின் கண் கடல்மட்டத்துக்கு மேல் எவ்வளவு உயரத்தில் உள்ளது என்று தெரிந்தால், அடிவானத்துக்கும் 300 மீட்டர்த் தொலைவிலுள்ள நீர்ப்பரப்புக்கும் இடையே தோன்றும் கோணத்தைக் கணக்கிடலாம். கையை நீட்டிப் பிடித்த குச்சியில் அக்கோணத்துக்குரிய இடத்தில் ஒரு கோடு கீறி, குச்சியின் மேல்முனையை அடிவானத்தோடு பொருத்தினால் கோடு விழும் இடமே பட்டையின் எல்லை. முக்கோணவியல் கற்பிக்கும் ஆசிரியர்கள் வகுப்பறையிலேயே செய்து காட்டக்கூடிய கருவி இது.

பட்டைக்குள் இருப்பதனாலேயே ஒரு பறவை கண்ணுக்குத் தெரிந்துவிடும் என்பதில்லை. 50 மீட்டரில் மிதக்கும் சிறு பறவை தெரியும். 250 மீட்டரில் அலைமுகட்டின் பின் அது மறைந்துவிடும். ஆகவே பட்டையை 50, 100, 200, 300 மீட்டர் என்று நான்கு பிரிவுகளாகப் பகுத்து, ஒவ்வொரு பறவையும் எப்பிரிவில் காணப்பட்டது என்று குறிக்கும் வழக்கம் வந்தது. பறவைகள் கப்பலைப் பொருட்படுத்தாமல் பரவியிருந்தால், எல்லாப் பிரிவுகளிலும் அவற்றின் அடர்த்தி ஒன்றாகவே இருக்க வேண்டும். தொலைவுப் பிரிவுகளில் எண்ணிக்கை குறையுமாயின், அக்குறை பார்வையின் குறையே. எவ்வளவு குறைகிறது என்பதிலிருந்து, காணாமல் விடப்பட்டவை எத்தனை என்று கணிக்கலாம். ஸ்டீவன் பக்லண்ட் முதலியோர் 1993இல் வெளியிட்ட நூல் இந்தத் தொலைவுமுறைக் கணிப்புக்கு முழுமையான கணித அடிப்படையை அளித்தது. நாம் காணாதவற்றையும் கணக்கில் கொள்ள, கண்டவற்றின் பரவலே வழிகாட்டுகிறது.

இங்கே ஒரு நிபந்தனையைக் கவனிக்க வேண்டும்: பறவைகள் கப்பலைப் பொருட்படுத்தாமல் இருக்க வேண்டும். கடற்காகங்களும் ஃபுல்மார் பறவைகளும் மீன்பிடிப் படகு என்றெண்ணிக் கப்பலைப் பின்தொடர்கின்றன. செந்தொண்டை டைவர் என்ற பறவையோ கப்பல் ஒரு கிலோமீட்டர் தொலைவில் வரும்போதே எழுந்து பறந்துவிடும். முன்னவை மிகையாகவும் பின்னது குறைவாகவும் கணக்கில் விழும். மொழியியலில் இதற்கு நேர்நிகரான ஒரு செய்தி உண்டு. மக்கள் தம்மை யாரும் கவனிக்காதபோது எவ்வாறு பேசுகிறார்கள் என்று அறிவதே நோக்கம். ஆனால் கவனிப்பதன் வாயிலாகவே அதை அறிய முடிகிறது. வில்லியம் லபோவ் இதனை நோக்குநர் முரண் என்று பெயரிட்டு விளக்கினார். கடலில் அந்த முரண் சிறகு முளைத்துப் பறந்தது.

காற்றாலைகள் வந்தபின்

1991இல் டென்மார்க்கின் லோலண்ட் தீவருகே விண்டபி என்னுமிடத்தில் உலகின் முதல் கடற்காற்றாலைப் பண்ணை இயங்கத் தொடங்கியது. அதில் 11 காற்றாலைகளே இருந்தன. 2002இல் வடகடலின் ஹார்ன்ஸ் ரெவ் பகுதியில் 80 காற்றாலைகளும், 2003இல் பால்டிக் கடலின் நீஸ்டெட் பகுதியில் 72 காற்றாலைகளும் எழுந்தன. இதுவரை 'எங்கே எத்தனை பறவைகள்' என்பதே கேள்வியாக இருந்தது. இப்போது 'இது கட்டப்படுவதற்கு முன் எத்தனை, பின் எத்தனை, வேறுபாட்டுக்குக் காரணம் காற்றாலையா, வேறொன்றா' என்று கேள்வி நீண்டது.

பெரும்பரப்பை ஒரே நாளில் பார்க்க வேண்டியிருந்ததால் டேனிய ஆய்வாளர்கள் விமானத்தை நாடினர். இறக்கை மேற்புறம் அமைந்த சிறு விமானம் ஏறத்தாழ 80 மீட்டர் உயரத்தில், மணிக்கு 185 கிலோமீட்டர் வேகத்தில், 2 கிலோமீட்டர் இடைவெளியுள்ள இணைகோடுகளில் பறக்கும். இருபுறமும் ஒவ்வொருவர் அமர்ந்து, காணும் பறவையின் இனம், எண்ணிக்கை, நேரம், தொலைவுப் பிரிவு ஆகியவற்றை ஒலிப்பதிவுக் கருவியில் சொல்லிக்கொண்டே வருவர். இங்கேயும் கோணமே அளவுகோல். 80 மீட்டர் உயரத்திலிருந்து பார்க்கையில் அடிவானத்துக்கு 25 பாகை கீழே தெரியும் பறவை ஏறத்தாழ 170 மீட்டர்த் தொலைவிலும், 10 பாகை கீழே தெரிவது ஏறத்தாழ 450 மீட்டர்த் தொலைவிலும் இருக்கும். விமானத்தின் நேர் அடியில் இருபுறமும் ஏறத்தாழ 44 மீட்டர் வரை கண்ணுக்குத் தெரியாது. ஆகவே கணக்கு அதற்கப்பால்தான் தொடங்கும்.

கப்பலில் நின்று நிதானமாகப் பார்ப்பவர் இனங்களைத் தெளிவாகப் பிரித்தறிய முடியும். ஆனால் மெதுவாகச் செல்கிறார். விமானத்தில் இருப்பவர் பெரும்பரப்பைக் கடக்கிறார். ஆனால் ஒரு பறவைக்கு அவருக்குக் கிடைப்பது சில வினாடிகளே. இவ்விரண்டையும் ஒப்பிட்டு எதனை எப்போது கையாள வேண்டும் என்று வகுத்துரைத்த அறிக்கை ஒன்று பிரிட்டனின் காற்றாலைத் திட்டங்களுக்காக 2004இல் வெளியானது. அதன் ஆசிரியர்கள் நெதர்லாந்தையும் டென்மார்க்கையும் சேர்ந்த ஆய்வாளர்கள்.

ஹார்ன்ஸ் ரெவ் கற்பித்த பாடம் ஒன்று குறிப்பிடத்தக்கது. ஸ்கோட்டர் எனப்படும் கருநிறக் கடல்வாத்துகள் பண்ணை அமைந்த முதல் சில ஆண்டுகளில் அதனுள் ஏறத்தாழ வரவேயில்லை. இப்பறவை காற்றாலைகளைத் தவிர்க்கும் என்பதே முடிவு போலத் தோன்றியது. ஆனால் 2007இல் மேற்கொண்ட விமானக் கணக்கெடுப்புகளில் அவை பண்ணைக்குள்ளேயே பெருந்தொகையாகக் காணப்பட்டன. முதற்கணக்கும் பிழையன்று, இரண்டாம் கணக்கும் பிழையன்று. இடைப்பட்ட காலத்தில் பறவைகள் பழகியிருக்கலாம். அல்லது அவை உண்ணும் சிப்பிகளின் பரவல் மாறியிருக்கலாம். கணக்கோடு ஆண்டையும் சேர்த்தே சொல்ல வேண்டும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

தேம்சு முகத்துவாரத்தின் கணக்கு

முறை மாறினால் எண் எவ்வளவு மாறும் என்பதற்குச் செந்தொண்டை டைவரே தலையாய எடுத்துக்காட்டு. முக்குளிப்பான் என்ற பெயர் தமிழில் வேறொரு குளத்துப் பறவைக்கு வழங்குவதால், இதனை டைவர் என்றே அழைக்கிறேன். வடபுல ஏரிகளில் குஞ்சு பொரித்துக் குளிர்காலத்தைக் கடலில் கழிக்கும் இப்பறவை பெரிய பிரித்தானியாவின் கடற்பகுதிகளில் ஏறத்தாழ 4,850 உள்ளதாக முன்பு மதிப்பிட்டிருந்தனர். காற்றாலைத் திட்டங்களை முன்னிட்டு விமானக் கணக்கெடுப்புகள் விரிவாக நடந்தபின், 2008இல் வெளியான புதிய மதிப்பீடு 17,116 ஆக இருந்தது. இந்த ஏற்றம் பெரும்பாலும் பறவைகள் பெருகியதால் வந்ததன்று. முன்பு பார்க்கப்படாத கடல் இப்போது பார்க்கப்பட்டது. கரையிலிருந்து தொலைநோக்கிக்கு எட்டாத தேம்சு ஆற்று முகத்துவாரத்தின் வெளிக்கடலில் மட்டும் ஆறாயிரத்துக்கும் மேற்பட்டவை இருப்பதாகத் தெரியவந்தது. 2010இல் அப்பகுதி சிறப்புப் பாதுகாப்புப் பகுதியாக அறிவிக்கப்பட்டது.

இதன் விளைவு இருமுனைக் கத்தி போன்றது. நாட்டிலுள்ள தொகையில் நூற்றுக்கு ஒன்று அல்லது அதற்கு மேல் ஓரிடத்தில் இருந்தால் அவ்விடத்தைப் பாதுகாப்புக்கு உரியதாகக் கருதுவது அங்குள்ள வழக்கம். நாட்டின் தொகை 4,850 என்று கொண்டால் ஓரிடத்தில் 49 பறவைகள் இருந்தாலே போதும். 17,116 என்று கொண்டால் 172 பறவைகள் வேண்டும். நூறு பறவைகள் வாழும் ஒரு விரிகுடா, ஒரு பறவைகூடக் குறையாமலே, ஓர் அறிக்கை வெளியான நாளில் முதன்மையிடம் என்ற தகுதியை இழந்துவிடக்கூடும். எண் என்பது அளக்கப்படும் பொருளாக மட்டுமன்றி அளவுகோலாகவும் அமைந்துவிடுகிறது.

அம்முகத்துவாரத்தில்தான் லண்டன் அரே என்ற பண்ணை எழுந்தது. முதற்கட்டத்தில் 175 காற்றாலைகளும் 630 மெகாவாட் திறனும் கொண்ட அது 2013இல் திறந்துவைக்கப்பட்டபோது உலகின் மிகப்பெரிய கடற்காற்றாலைப் பண்ணையாக விளங்கியது. இரண்டாம் கட்டத்தையும் சேர்த்து 1,000 மெகாவாட் என்பது தொடக்கத் திட்டம். டைவர் பறவைகளுக்கு ஊறு நேராது என்று காட்டிய பின்னரே இரண்டாம் கட்டம் தொடங்கலாம் என்பது நிபந்தனை. அதற்கு வேண்டிய தரவைத் திரட்ட இன்னும் சில ஆண்டுகள் ஆகும், அதன் பின்னும் உறுதியில்லை என்ற நிலையில், 2014 பிப்ரவரியில் இரண்டாம் கட்டம் கைவிடப்பட்டது. சில ஆயிரம் பறவைகளைப் பற்றிய கணக்கின் ஐயம் சில நூறு மெகாவாட் மின்சாரத்தின் போக்கை முடிவு செய்தது.

டைவர்கள் எவ்வளவு தொலைவு விலகிச் செல்கின்றன என்பதும் பின்னர்த் தெளிவாயிற்று. ஜெர்மானிய வடகடற்பகுதியில் பண்ணைகள் அமைவதற்கு முன்னும் பின்னும் எடுத்த கணக்குகளை ஒப்பிட்டு 2019இல் வெளியான ஆய்வு, ஏறத்தாழ 16 கிலோமீட்டர் வரை அவற்றின் பரவல் மாறியிருப்பதைக் காட்டியது. பண்ணையைச் சுற்றிச் சில கிலோமீட்டர் மட்டும் கணக்கெடுத்திருந்தால் இம்மாற்றத்தின் எல்லை தெரிந்திராது. எங்கே எண்ணத் தொடங்குகிறோம் என்பது போலவே எங்கே நிறுத்துகிறோம் என்பதும் விடையை முன்கூட்டியே வரையறுத்துவிடுகிறது.

கண்ணிலிருந்து படத்துக்கு

80 மீட்டர் உயரத்தில் பறக்கும் விமான முறைக்கு ஒரு தடை இயல்பாகவே எழுந்தது. காற்றாலைகளின் இறக்கைகள் அதைவிட உயரத்தில் சுழலத் தொடங்கின. முன்-பின் ஒப்பீட்டுக்கு ஒரே முறை வேண்டும். ஆனால் 'பின்' என்ற நிலையில் அம்முறையைக் கையாள இயலாது. விமானம் உயர்ந்து பறந்தால் கண்ணுக்குப் பறவை தெரியாது. ஆகவே கண்ணின் இடத்தைப் படக்கருவி பெற்றது.

2007 முதலாக பிரிட்டனில் மின்னிலக்கப் படக்கருவிகளைக் கொண்டு பல சோதனைகள் நடந்தன. அவற்றில் முதன்மையான இடம் வேல்ஸ் நாட்டின் கார்மார்தன் விரிகுடா. 1996இல் 'சீ எம்பிரஸ்' கப்பலின் எண்ணெய்க் கசிவில் ஸ்கோட்டர் வாத்துகள் பெருந்துயர் உற்ற இடம் அது. அதனால் அங்கே அவற்றைப் பற்றிய பழைய கணக்குகளும் இருந்தன. ஆயிரக்கணக்கில் திரளும் வாத்துக் கூட்டத்தை ஓடும் விமானத்திலிருந்து சில வினாடிகளில் மதிப்பிடுவது எத்தனை கடினமோ, படத்தில் ஒவ்வொன்றாக எண்ணுவது அத்தனை எளிது. இப்போது இக்கணக்கெடுப்புகள் பெரும்பாலும் 400 மீட்டருக்கு மேலான உயரத்தில் நடக்கின்றன. பறவைகள் வெருண்டு எழுவது மிகக் குறைவு. கடற்பரப்பின் ஏறத்தாழ இரண்டு சென்டிமீட்டர் அளவு படத்தின் ஒரு புள்ளியாக விழுகிறது. பட்டையின் அகலம் முழுவதும் ஒரே தெளிவில் பதிவதால் தொலைவால் வரும் பார்வைக் குறையும் நீங்கியது. எல்லாவற்றினும் மேலாக, சான்று நிலைக்கிறது: ஒருவர் எண்ணிய படத்தின் ஒரு பகுதியை இன்னொருவர் தனியே எண்ணிச் சரிபார்க்கலாம்.

ஆயினும் ஒரு குறையை நீக்கிய கருவி இன்னொன்றை முன்னால் கொண்டுவந்தது. படம் ஒரு கணத்தைத்தான் பிடிக்கிறது. அக்கணத்தில் நீருக்கடியில் இருக்கும் பறவை படத்தில் இல்லை. கில்லிமாட் போன்ற மூழ்கும் பறவை தன் நேரத்தில் கால் பங்கை நீருக்கடியில் கழிக்கிறது என்று ஓர் எடுத்துக்காட்டுக்காகக் கொள்வோம். படத்தில் 75 காணப்பட்டால் உண்மையில் 100 இருந்திருக்கும். இத்திருத்தத்துக்கு, பறவையின் உடலில் பொருத்தப்படும் சிறு கருவிகள் பதிவு செய்த மூழ்கும் நேரம் தேவைப்படுகிறது. மேலும் கில்லிமாட்டையும் அதனோடு ஒத்த ரேசர்பில்லையும் மேலிருந்து எடுத்த படத்தில் எப்போதும் பிரித்தறிய முடிவதில்லை. அப்போது 'இவ்விரண்டில் ஒன்று' என்றே பதிவு செய்கின்றனர். ஐயத்தை மறைக்காமல் அதற்கென ஓர் இடத்தைப் பட்டியலில் ஒதுக்குவது நேர்மையான மரபு.

எண்ணிக்கை சொல்லாதவை

எத்தனை பறவைகள் உள்ளன என்பது தெரிந்தாலும், எத்தனை காற்றாலையில் மோதும் என்பது தெரிந்துவிடாது. நிலத்தில் காற்றாலையின் அடியில் இறந்த பறவைகளைத் தேடலாம். கடலில் அலை அவற்றைக் கொண்டுபோய்விடும். எனவே வேறு கருவிகள் துணைக்கு வந்தன. நீஸ்டெட்டில் ராடார் கொண்டு வலசைப் பறவைகளின் தடங்களைத் தொடர்ந்த ஆய்வு 2005இல் வெளியாயிற்று. பெரும்பான்மை ஐடர் வாத்துகளான அக்கூட்டங்கள் பண்ணையைச் சுற்றிச் சென்றன. நூற்றுக்கு ஒன்றுக்கும் குறைவானவையே மோதும் அளவுக்குக் காற்றாலையை நெருங்கின. இங்கிலாந்தின் தானெட் பண்ணையில் 2014 முதல் 2016 வரை நடந்த ஆய்வில் ஆறு லட்சம் அளவிலான காணொளித் துண்டுகள் பதிவாயின. அவற்றில் காணப்பட்ட மோதல்கள் ஆறு. சில காற்றாலைகளில் பொருத்திய கருவிகளின் பதிவு அது. எல்லாப் பண்ணைக்கும் எல்லா இனத்துக்கும் அதை நீட்டிப் பேசுதல் முறையாகாது. மோதாமல் விலகும் பறவைக்கும் ஓர் இழப்பு உண்டு: அது இரை தேடிய இடத்தை விட்டுச் செல்கிறது. மோதல் குறைவு என்ற நற்செய்தியும், வாழிடம் சுருங்குகிறது என்ற கவலையும் ஒரே நடத்தையின் இரு பக்கங்கள்.

இவ்வரலாற்றிலிருந்து ஆசிரியரும் மாணவரும் எடுத்துச் செல்லத்தக்கது ஒன்று உண்டு. தனிச்சொல் முழுப்பொருள் தருவதில்லை. எழுவாயும் பயனிலையும் இடமும் காலமும் கூடித் தொடராகும்போதே பொருள் முற்றுப்பெறும். எண்ணும் அவ்வாறே. '17,116' என்பது தனிச்சொல். எந்தப் பறவை, எந்தக் கடற்பரப்பு, எந்தப் பருவம், எந்த முறை என்ற நான்கும் சேர்ந்தால் அது தொடராகும். செய்தித்தாளில் காணும் எந்தப் புள்ளிவிவரத்துக்கும் இந்நான்கு வினாக்களையும் வகுப்பறையில் எழுப்பிப் பார்க்கலாம்.

இறுதியாக ஒரு சிறு செய்தி. கடற்பறவைக் கணக்கெடுப்பின் பதிவேட்டில் பறவை எதுவும் தென்படாத நிமிடங்களுக்கும் இடம் உண்டு. பார்த்தும் ஒன்றும் காணப்படவில்லையெனில் சுழி என்று எழுத வேண்டும்; பார்க்கவே இல்லையெனில் கட்டம் வெறுமையாக இருக்க வேண்டும். இரண்டையும் குழப்பினால், பறவையில்லாத கடலும் யாரும் பார்க்காத கடலும் ஒன்றாகிவிடும். தமிழ் இலக்கணம் கற்றோர்க்கு இது புதிதன்று. எழுவாய் வேற்றுமைக்கு உருபு இல்லை. அவ்வின்மையைக் கொண்டே அவ்வேற்றுமையை அறிகிறோம். பள்ளித் திடலில் மைனாக்களை எண்ணச் செல்லும் மாணவர்களுக்கும், பென்சிலைக் கையில் கொடுக்கும்போதே, சுழியை எங்கே இடுவது, கட்டத்தை எங்கே வெறுமையாக விடுவது என்பதை முதலில் சொல்லிக்கொடுக்க வேண்டும்.